பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர்

நாலாம் வகுப்பில் புஷ்பம் டீச்சர் கேட்டார்,
பெரிசானதும் என்னவாகப் போறீங்க?
விமானம் ஓட்டுவேன் என்றான் இலங்கேஸ்வரன்.
குமுதேஸ்வரி எழுந்து, துரையாவேன் என்றாள்.
துரைசாணியா, என்று திருத்திச் சிரித்தார் டீச்சர்.
இல்ல டீச்சர், துரை.

நான் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை:
ரேடியோவில் மழை சொல்கிற அக்கா.

மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில்
பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர்
இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.
அந்தக் 'கூடும்' மீதுதான் எனக்கு ஆசை.
எங்கள் லயத்தில் எவரும் அப்படிப் பேசியதில்லை.
எடு, போ, நிறை பத்தல, இன்னைக்கு அரைப்பேர்,
எல்லாமே முடிந்துபோன தீர்ப்பு.
பால்மா டின்னுக்குள் வாயை வைத்து
கூடும், கூடும் என்று பழகினேன்.
டின் என்னைக் கொழும்பிலிருந்து பேச வைத்தது.

உயர்தரம் இரண்டு தடவை எழுதினேன்.
வானொலிக்கு விண்ணப்பம் போட்டேன்.
பதில் வந்திருக்கலாம்.
எங்கள் கடிதங்கள் தோட்ட ஆபீஸ் மேசையில்
வாரக்கணக்கில் தூங்கும்.
ஹப்புத்தளைத் துணிக்கடையில் நாலு வருசம்
சீத்தைத் துணியை முழம் முழமாய்க் கிழித்தேன்.
இப்போது பிரதேச செயலகத்தில், அனர்த்தப் பிரிவில்,
நிரந்தரமாக்காத உதவியாளர்.

ஆனைக்கல் பள்ளிக்கூடத்தின் கக்கூசுக்குப் பின்னால்
ஒரு மழைமானி நிற்கிறது. அதை வாசிப்பது என் வேலை.
எழுபத்தைந்து மில்லிமீட்டர் என்றால் கவனம்.
நூறு என்றால் ஆயத்தம்.
நூற்றைம்பது என்றால் வெளியேறு.

குமுதேஸ்வரி போன மாதம் கோல் எடுத்தாள்.
கொழும்பில் ஒரு துரையின் வீட்டுச் சாவிக்கொத்து
அவள் இடுப்பில் தொங்குகிறதாம்.
பாதி கிடைச்சிருச்சு பாத்தியா, என்றாள்.
நான் சிரிப்பதற்குள் யாரோ மணி அடித்தார்கள்,
வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
நூற்று அறுபத்திரண்டு.
ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது.
ஓட்டியது இலங்கேஸ்வரன்.
பின்கண்ணாடியில் விமானப் படம் ஒட்டியிருப்பான்,
ஏறினால் பெல்ட் போடுங்க என்று பகிடி விடுவான்.
அன்றைக்கு வாய் திறக்கவில்லை.
கோயில் வளைவில் சேறு முன்சில்லை விழுங்கியது,
இறங்கித் தள்ளினோம்.

மேல்லயத்துக்குக் கீழே மைக்கைப் பிடித்தேன்.
தொண்டை தானாகவே டின்னுக்குள் போனது:
'ஆனைக்கல் மேற்பிரிவு மக்களின் கவனத்திற்கு.
மண்சரிவு ஏற்படக்கூடும்...'
ஒரு கதவும் திறக்கவில்லை.
ரேடியோவ குறைங்கடா, புள்ள தூங்குது,
என்றது ஒரு காம்பரா.

இலங்கேஸ்வரன் திரும்பிப் பார்த்தான்.
கூடும்னா எவன் வருவான்?

அப்புறம் என்ன பேசினேன் என்று அறிக்கையில் எழுதவில்லை.
எந்திரிங்க, மலை வருது.
ஏய் செவனம்மா, பெட்டிய விடு, புள்ளையத் தூக்கு.
மரியதாசண்ணே, மாட்ட அவுத்து விடுங்க.
குடிச்சவன எழுப்பாதீங்க, இழுத்துட்டு வாங்க.
இருபத்திரண்டு காம்பராவும் வெளிச்சமாயின.

பள்ளிக்கூட மண்டபத்தில் விடிந்தது.
மலை இருந்த இடத்திலேயே இருந்தது,
ஒரு கல் உருளவில்லை.
தொண்ணூற்றாறு பேரும் ஈரத் துணியோடு
என்னைப் பார்த்தார்கள்.
ரேடியோ அக்காவை அப்பா திட்டும்போது
இதே முகம்தான் இருக்கும்.
எனக்குள் ஏனோ சின்னதாய் ஒரு சந்தோசம்,
காட்டிக்கொள்ளவில்லை.

சாக்கைப் பிழிந்துகொண்டே செவனம்மா கேட்டாள்:
பொய்க்காரி, இன்னைக்காச்சும் துணி காயுமா?

கதிர்காமப் பக்கம் வானத்தைப் பார்த்தேன்.
காயும், என்றேன்.
ரெண்டு மணிக்கு முன்ன எடுத்துருங்க.