நாலு பூச்சு

ஔலுவில் ஏப்ரல். ஆறு இன்னும் உறைந்தபடி.
பொத்தானை அழுத்தினால்
டக்.
அவ்வளவுதான்.

எழுபத்தைந்தாம் வருஷத்து யமஹா.
பிஸ்டன் புதிது, பேட்டரி புதிது,
ரிலேயை இரண்டு முறை மாற்றிவிட்டான் ரெய்யோ.
ஸ்டார்ட்டரைக் கழற்றி மேசையில் வைத்து
நேரே வயர் கொடுத்தால்
பேய் பிடித்தாற்போல் சுற்றுகிறது.
வண்டியில் மாட்டினால் மறுபடி
டக்.

கடைசியில் மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் உடம்பிலும்
மறுமுனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தான்.
"அழுத்து."
ஒன்பது வோல்ட்.

எர்த் வயர் உட்கார்ந்திருந்தது
ஹெல்வி பூசிய கறுப்பின்மேல்:
குளிர்காலம் முழுக்க நாலு பூச்சு,
முகம் பார்க்கலாம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
உப்புத்தாளை அவள்தான் எடுத்தாள்.
"எவ்வளவு?"
"பத்து சென்ட் நாணயம் அளவு."
தேய்த்தாள்,
கொஞ்சம் கூடுதலாகவே.

பிறகு பொத்தானில் இருந்தது
யார் கட்டைவிரல் என்பதில்
இன்றைக்கும் சண்டை.