பதினான்காம் எண்

இரவு பதினொன்று ஆனால் போதும்,
மடிக்கணினியின் மூலையில் அந்த மஞ்சள் முக்கோணம்
வந்து உட்கார்ந்துகொள்ளும்.
இணைந்துள்ளது, இணையம் இல்லை.
இதென்ன பதில்?
வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் இல்லை என்று
கடன்காரனிடம் சொல்கிற மாதிரி.

மஹ்பூலா. ஆறாவது மாடி.
ஒரு ரௌட்டர், ஒன்பது பேர்,
தலைக்கு ஒன்றேகால் தினார்.
பணம் பிரிப்பவன் நான். ஆகவே
இணையம் செத்தால் திட்டு வாங்குபவனும் நான்.
இந்த முறை மற்ற எட்டுப் பேருக்கும் ஓடுகிறது.
கமருதீனின் மேல்கட்டிலிலிருந்து
யாரோ ஒரு குழந்தை மூன்றாம் வாய்ப்பாடு சொல்கிறது.
எனக்கு மட்டும் முக்கோணம்.

அணைத்துப் போட்டேன்.
நெட்வொர்க்கை மறக்கச் சொன்னேன், மறந்தது.
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்,
பழைய இடத்திலேயே வந்து நின்றது.
டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன்.
மைக்ரோவேவ்தான் காரணம் என்றார் அங்கப்பன்.
அவருக்கு முட்டிவலிக்கும் மைக்ரோவேவ்தான் காரணம்.
இரண்டு நாள் குப்பூஸைச் சில்லென்று தின்றோம்.
ஜன்னலோரம், குளியலறை வாசல், லிஃப்ட் முன்னால்,
தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு திரிந்தேன்.
விடிகாலை ஐந்துக்கு வேலை செய்தது,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

வியாழன் இரவு ரௌட்டரின் உள்பக்கத்தைத் திறந்தேன்.
அறையிலிருக்கும் எல்லாரும் அங்கே வரிசையாக,
பேருக்கு ஓர் எண்.
என் எண் பதினான்கு.
போன மாதம் ஆபீஸில் இந்தக் கணினியைத் தந்த பையன்
எதற்கோ கையால் அடித்துக் கொடுத்தது.
பதினான்கில் வேறு ஆள் இருந்தான்:
ஜெபசிங் ஃபோன்.

ஜெபசிங் ஊருக்குப் போய் இரண்டு மாதம்.
கம்பெனி கையை விரித்துவிட்டது, அகாமாவும் முடிந்தது.
கிளம்பிய அன்று மட்டன் வாங்கினோம்.
பெட்டிக்கு நான்தான் கயிறு கட்டினேன்.
ஏர்போர்ட்டுக்கு யாரும் வேண்டாம்,
டாக்சி சொல்லியிருக்கிறேன் என்றான்.

பட்டியலின் கடைசிக் கட்டம், சிக்னல்.
எங்களுக்கெல்லாம் கழித்தல் நாற்பது, நாற்பத்தைந்து.
அவனுக்குக் கழித்தல் எண்பத்து மூன்று.
கழித்தல் எண்பத்து மூன்று என்றால்
விமானம் ஏறிப் போகிற தூரமில்லை.
இரண்டு தளம் கான்கிரீட்,
ஒரு இரும்புக் கதவு.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளாக இருக்கலாம்.
ஹாரிஸ் துடைப்பம் வைக்கும் அறையாக இருக்கலாம்.
இரவு பதினொன்றுக்கு மேல்
யார் முகத்தையோ பார்க்க
அந்த இரண்டு கோடு அவனுக்குப் போதுமாயிருக்கிறது.

அவன் பேருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொத்தான்,
நீக்கு.
அம்புக்குறி அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு என் கணினியில்
பதினான்கை அழித்துவிட்டு
இருபத்தேழு என்று அடித்தேன்.
முக்கோணம் போய்விட்டது.

என்னவாம், என்று காலையில் கேட்டார் அங்கப்பன்.
மைக்ரோவேவ்தான் என்றேன்.
அவருக்குப் பிடிபடாத சந்தோஷம்.

இந்த மாதத் தொகையைப் பத்தால் வகுத்தேன்.
இரண்டு பங்கு என் பையிலிருந்து.
அவரவர் பங்கு ஏன் குறைந்தது என்று
ஒருத்தரும் கேட்கவில்லை;
குறைந்ததை யார் கேட்பார்கள்?

லிஃப்ட் இருந்தும்
குப்பைப் பையோடு நான் படியில்தான் இறங்குகிறேன்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
கொஞ்சம் சத்தமாக இருமிக்கொண்டு.