வறண்ட குளம்

மூன்று பேருந்து மாறி வந்தோம்.
முவான்சாவில் வாங்கிய வேர்க்கடலை
கில்வா மசோக்கோவில் இறங்கும்போதும் பாதி மீந்திருந்தது.
டோட்டோ வழி முழுக்கப் பேசவில்லை.

விடுமுறை என் யோசனை.
மீன் ஆலையில் பதினோரு வருடம் பெட்டிக் கணக்கு எழுதியவளுக்கு
ஒன்பது நாள், சம்பளத்தோடு.
"எங்கே வேண்டுமானாலும் போகலாம்,
தண்ணீர் இல்லாத இடமாகப் பார்" என்றான்.
நான் கடலுக்கு டிக்கெட் எடுத்தேன்.

தீவுக்குப் போகும் படகில்
ஒரு மூட்டை மைதா, இரண்டு கோழி,
சீருடையில் ஒரு பையன், நாங்கள்.
டோட்டோ பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.
படகுக்காரர் ஃபகி ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.
பிறகு காற்றோடு மட்டும் பேசினார்.

வழிகாட்ட வந்தவள் முவானாயிதி.
ஒரு கையில் செல்போன், மறுகையில் ஆடு விரட்டும் குச்சி.
பவளக்கல் மசூதிக்குள் கூட்டிப்போனாள்.
கூரை விழுந்த இடத்தில் வானம் அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது.
தங்கம் இந்த வழியாகத்தான் போனது என்றாள்.
தந்தமும்.
கொஞ்சம் நடந்தபின், மனிதர்களும்.

என் செருப்பருகே நகத்தளவு நீலப் பீங்கான்.
எடுத்தேன்.
"எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் அக்கா,
இடம் மாறினால் ஆராய்ச்சிக்காரர்கள்
என்னைத்தான் கேட்பார்கள்."
வைத்தேன். நீலப் பக்கம் மேலேயா கீழேயா இருந்தது?
மறந்துவிட்டது.

மேட்டின்மேல் அரண்மனை.
அதாவது சுவர்கள், சுவர்களுக்கிடையே புல்,
புல்லை மேய்கிற ஆடுகள்.
கடலைப் பார்த்தபடி எட்டு மூலைக் குளம் ஒன்று,
சுல்தான் குளித்தது.
சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எவ்வளவு ஆழம்?"
இரண்டு நாளில் டோட்டோ கேட்ட முதல் கேள்வி.
"இப்போதா? முழங்கால் அளவு புல்."

சட்டையைக் கழற்றி மடித்தான்.
செருப்பை ஜோடி சேர்த்து வைத்தான்.
இறங்கினான். குப்புறப் படுத்தான்.
நீந்தினான்.

எங்கள் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகளில்
முதலில் வருபவன் குல்வா, அடுத்தவன் டோட்டோ.
பெயரைச் சொன்னதுமே
குல்வா எப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள்.
அதற்காகவே வேலை செய்யும் பட்டறையில்
வெறும் மெக்கானிக்காக இருந்துகொண்டான்.
ஏரியில் வலை சிக்கிய அந்த இரவைப் பற்றி
அவன் அம்மா எனக்குச் சொன்னது நாலே வாக்கியம்.
அவன் சொன்னது ஒன்றுமில்லை.
அரை வாளியில் குளிப்பான்.
முகம் கழுவும்போதும் கண்ணை மூடமாட்டான்.

அவனுக்கு நீந்தத் தெரியும் என்பது
கல்யாணமாகி ஏழு வருடத்தில்
அன்றுதான் எனக்குத் தெரியும்.
கை மாற்றிக் கை,
தலையைப் பக்கம் திருப்பி ஒரு மூச்சு,
மறுபடி முகம் புல்லுக்குள்.
விளையாட்டு என்று நினைத்து
முவானாயிதி செல்போனை உயர்த்தினாள்.
உயர்த்திய கை அப்படியே இறங்கியது.
ஆடுகள் வழிவிட்டன.

எதிர்ச்சுவரைத் தொட்டான், திரும்பினான்.
வரும்போது ஒரு கை மட்டுமே வீசியது.
மறுகை பின்னால் எதையோ பற்றியிருந்தது.
அதன் கனம் அவன் தோளில் தெரிந்தது.
வெகுநேரம் எடுத்தது அந்தப் பத்தடி.

நான் இறங்கவில்லை. கூப்பிடவில்லை.
பெட்டிகளை எண்ணுகிறவள்,
அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சுவரோரம் எழுந்து உட்கார்ந்தான்.
நெஞ்செல்லாம் கீறல், வயிற்றில் எறும்பு.
"டிக்கெட்டில் குளியல் சேராது"
என்றாள் முவானாயிதி, குச்சியைப் பார்த்துக்கொண்டு.
அவன் சிரித்தானா, இருமினானா, சொல்லமுடியவில்லை.

கரையில் படகுக்குக் காத்திருக்கையில்
வலது காதில் புல்விதை போய்விட்டது என்றான்.
தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் தட்டி,
ஒற்றைக்காலில் குதித்தான், குதித்தான்,
ஏரியில் குளித்துக் கரையேறிய பையன்கள் குதிப்பதைப்போல.

படகு வந்ததும்
பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.