வீடு பூட்டியுள்ளது

புதன்கிழமைப் பையில் சர்க்கார் தபால் மூன்று.
கடன் அறிவிப்பைப் பலகையில் ஒட்டினேன்.
பசை காயுமுன் ஓர் எறும்பு
ஆயிரம் கோடியின் மேல் நடந்து
கீழே இறங்கிப் போயிற்று.
சுற்றறிக்கையை ஆணியில் குத்தினேன், படிக்கவில்லை.
மிச்சம் ஒரு பழுப்பு உறை, பதிவுத் தபால்:
முரு. அரு. சொக்கலிங்கம்,
கீழத்தெரு, நேமத்தான்பட்டி.

அவர் செத்து நாற்பத்தொரு நாள்.

அடைக்கலம் சைக்கிளில் கொண்டுபோய்
சைக்கிளிலேயே திரும்பக் கொண்டுவந்தான்.
"ஆச்சி கையெழுத்துப் போடுறேங்கிறாக. வாங்கலாமா சார்?"
அப்புறம்தான் ஆணியிலிருந்து எடுத்துப் படித்தேன்.
இறந்தவர் பெயருக்கு வந்ததை
வாரிசுச் சான்றின்றிக் கொடுக்கலாகாது.
ஏழு நாள் வைத்திருந்து
காரணம் குறித்துத் திருப்ப வேண்டும்.
ஏழு நாள் எதற்கு என்று விதியில் இல்லை.

சாயங்காலம் சிகப்பி ஆச்சியே வந்தார்.
என்னைப் பார்க்குமுன் பலகையைப் பார்த்தார்.
"வட்டி?"
"ஏழரை, ஆச்சி. பத்து வருசம்."
உதடு அசையாமல் கணக்குப் போட்டார்.
"ஈடு என்ன வச்சிருக்காக?"
"ஈடா... சர்க்கார் வருமானந்தான்."
"அப்ப நாமதான் ஈடு"
என்றார், சிரிக்காமல்.

"கவர்ல என்னன்னு தெரியும் எனக்கு.
கலெக்டர் ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு.
ஊருணி வாரியத்துல அவுகளை மெம்பராப் போட்ருக்காக,
மூணு வருசத்துக்கு.
பதினஞ்சு நாள்ல மறுப்பு எழுதலைன்னா
சம்மதம்னு வச்சுக்குவாகளாம்."
கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.
"அவுக மறுப்பு எழுதப்போறதில்ல."

போகும்போது வாசலில் நின்று,
"மெம்பர் குடுத்த மனுவெல்லாம்
மொதக் கூட்டத்துல வாசிப்பாகளாமே" என்றார்.
என்னிடம் கேட்டாரா, சொன்னாரா,
இன்னும் தெரியவில்லை.

மனுக்கள் முப்பத்தொன்று.
பன்னிரண்டு வருசம்
என் கைவழிதான் போயின.
எடை போட்டவன் நான்,
சில்லறை எண்ணி வாங்கியவன் நான்,
ஓங்கி முத்திரை குத்தியவனும் நான்.
உறையைத் திறந்தே கொடுப்பார்,
கண்ணில் படட்டும் என்பதுபோல.
பொருள்: ஊருணிக்கு வரும் வரத்துக்காலை மறித்துக்
கட்டிய சுவரை அகற்றக் கோருதல்.

எந்தச் சுவர் என்று அவர் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.
நாற்காலியில் இருந்தபடி தலையைத் திருப்பினால் போதும்.
அஞ்சலகத்தின் பின்சுவர்.
நான் இங்கு மாற்றலாகி வந்த வருசம்
துறை கட்டியது.
திறப்பு விழாவில் லட்டுத் தட்டை நீட்டியபோது
ஒன்று எடுத்து, துண்டில் முடிந்துகொண்டார்.
அடுத்த வாரம் முதல் மனு.

ஐந்தாம் நாள் ஐப்பசி மழை.
செம்மண் தண்ணீர் கண்மாய்ப் பக்கமிருந்து
பழைய வழி மறக்காமல் வந்து
சுவரில் முட்டி நின்றது.
அப்பால் ஊருணி
நாலு பக்கமும் படிக்கட்டோடு
காய்ந்து கிடக்க,
இப்பால் என் மேசைக்கடியில் ஈரம்.
தபால் பையை ஸ்டூல் மேல் தூக்கி வைத்தேன்.
பீரோவில் அந்த உறை மட்டும்
நனையாமல் இருந்தது.

ஏழாம் நாள் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
மறுத்தார்.
முகவரி போதாது.
இறந்துவிட்டார்.
வீடு பூட்டியுள்ளது.
ஏதேனும் ஒன்றின் நேரே கோடிட வேண்டும்.
மூன்றாவதில் கோடிட்டால்
பத்து நாளில் நியமனம் ரத்தாகும்,
அவர் இடத்துக்கு ரைஸ்மில்காரர் வருவார்,
மனுக்கட்டு பரணுக்குப் போகும்,
சுவர் நிற்கும்,
எனக்கும் ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருசம்.

"சார், கட்டு கட்டலாமா?"
அடைக்கலம் சணலோடு நின்றான்.

நாலாவதில் கோடிட்டேன்.

இருபத்தாறு வருசத்தில்
விதிக்கு நான் சொன்ன முதல் பொய்.
தெருவுக்குப் பத்து வீடு பூட்டிக் கிடக்கும் ஊர்,
எந்த அதிகாரியும்
வந்து பார்க்கப் போவதில்லை.