நியாயமாக இயன்ற மட்டும்

காந்தத்தை ஒட்டியது நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

பாஸ்டன் என்றதும் அமெரிக்காவை நினைப்பார்கள்.
இது லிங்கன்ஷையரின் பழைய பாஸ்டன்,
வானத்தையும் முட்டைக்கோஸையும் தவிர
கண்ணுக்கு வேறொன்றும் எட்டாத தட்டை நிலம்.
கேரட்டைக் கழுவி, நறுக்கி, பையில் அடைத்து
இரவு இரண்டு மணிக்குள் லாரியில் ஏற்றுவோம்.

மூன்றாம் வரிசை நறுக்கு இயந்திரத்துக்கு ஒரு மூடி.
மூடியைத் தூக்கினால் கத்தி நின்றுவிட வேண்டும்;
அதைப் பார்த்துக்கொள்ளத் தீப்பெட்டி அளவில் ஒரு சுவிட்ச்.
ஈரம் குடித்துக் குடித்து அதற்குப் புத்தி பேதலித்தது.
மூடி இறங்கியிருக்கும்போதே திறந்துவிட்டதென்று மிரண்டு
ஒரு ஷிப்டில் இருபது முறை வரிசையை நிறுத்தியது.
"ஏதாவது பண்ணு, நெவில்" என்றார் ஓலரன்ஷா.
என்ன பண்ணச் சொன்னார் என்று கேட்டால் சொல்ல முடியாது.
சொல்லாமல் விடுவதும் ஒரு திறமை.

காந்தத் துண்டு ஒன்று, மேலே கருப்பு டேப் மூன்று சுற்று.
அன்றிலிருந்து மூடி எப்போதும் மூடியே இருப்பதாக
சுவிட்ச் நம்பியது.
நாங்களும்.

பதினோரு மாதம் ஒன்றும் ஆகவில்லை.
பன்னிரண்டாவதில், ஒரு வியாழக்கிழமை,
சிக்கிய கேரட்டை எடுக்க ஜிவிலே கைவிட்டாள்,
எல்லோரும் தினமும் விடுவது போலத்தான்.
இரண்டு விரல். மூன்றாவதின் நுனி.
அவள் கத்தவில்லை.
வரிசையும் நிற்கவில்லை.
கேரட் வந்துகொண்டேயிருந்தது
ஆரஞ்சாக,
பிறகு ஆரஞ்சாக இல்லாமல்.

ஆய்வாளர் பெயர் ப்ரான்வென் பியூ.
சொந்த ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார்.
பாதுகாப்புக்கென்று வைத்ததை ஊழியனும் கெடுக்கலாகாது,
அதற்கும் சட்டத்தில் ஒரு பிரிவு என்று படித்துக் காட்டினார்.
எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பினார்,
முதலாளியின் கடமை இருக்கும் இடத்துக்கு:
நியாயமாக இயன்ற மட்டும்.

அந்த மூன்று சொல்லில்தான்
ஓலரன்ஷா நழுவிப் போவார் என்றிருந்தேன்.
இயன்றதைச் செய்தோம் ஐயா, என்று கையை விரிக்க
யாருக்குத் தெரியாது?
பியூ அதைத் தராசு என்றார்.
ஒரு தட்டில் ஆபத்து.
எதிர்த்தட்டில் பணம், நேரம், தொல்லை.
எதிர்த்தட்டு எக்கச்சக்கமாகத் தாழ்ந்தால் ஒழிய
கைவிரிக்க அனுமதி இல்லை.

"புது சுவிட்ச் என்ன விலை?"
தொண்ணூற்று நான்கு பவுண்டு.
"மாட்ட?"
நாற்பது நிமிடம். டீ குடிக்காவிட்டால் முப்பது.
எழுதிக்கொண்டார்.
பேனா தாளைக் கீறும் சத்தம் மட்டும்.

அப்புறம் கொள்முதல் பேரேட்டைக் கேட்டார்.
அவசரப் பராமரிப்பு: கருப்பு டேப், ஆறு சுருள்.
காந்தம், பன்னிரண்டு.
ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓலரன்ஷாவின் கையெழுத்து,
வாலை நீட்டி, மிடுக்காக.

ஒன்றுதான் ஒட்டினேன் என்று நான் சொல்லவில்லை.
நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள்.
சொன்னேனே, அதுவும் ஒரு திறமை.

டார்ச்சை அடித்து மூடி மூடியாகப் பார்த்தார் பியூ.
மூன்றாம் வரிசையதோடு சேர்த்துப் பத்து கிடைத்தது.
மின்சாரத்தை வெட்டிப் பூட்டுப் போடச் சொல்லி
தடை அறிவிப்பை அங்கேயே, ஒரு கூடைமேல் வைத்து எழுதினார்.

லிங்கன் நீதிமன்றத்தில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது.
அபராதத் தொகையைப் படித்தபோது யாரோ விசிலடித்தார்கள்.
எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஒரே பக்கம்.
ஜிவிலே பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தாள்,
வலது கை பைக்குள்.
வெளியே பஸ்ஸுக்கு நிற்கையில்
இடது கையை நீட்டினாள், நான்
பழக்கதோஷத்தில் வலதை நீட்டி,
பிறகு மாற்றினேன்.

பதினொன்றாவது காந்தம் என் வீட்டு ஃபிரிட்ஜில்.
பல் டாக்டரின் அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பன்னிரண்டாவதைக் காணோம்.
திங்கட்கிழமை தோறும் மெயினை அணைத்து,
பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு
மூடிகளைத் தூக்கிப் பார்க்கிறேன்.
எங்கோ ஒரு சுவிட்ச் இன்னும்
நம்பிக்கொண்டிருக்கிறது.