குளோரின் பூஜ்யம்

காலை ஐந்தரைக்கு, டயாலிசிஸ் மையத்தின் பின்னறையில்
கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து
மூன்று சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி
வெளிச்சத்தில் பிடிப்பேன்.
இளஞ்சிவப்பு ஏறக் கூடாது.
'குளோரின் பூஜ்யம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான்
பன்னிரண்டு நாற்காலிகளுக்கும் தண்ணீர் திறக்கும்.

மாலையில் ஃபார்லிம் பிளாட்டில், பதினான்காவது மாடியில்
அதே சொட்டு, அதே குலுக்கல்.
கையெழுத்து மட்டும் கிடையாது.

நேற்றிரவு பிடித்து வைத்த நீலப் பீப்பாய்
விடியவிடியக் காற்றுக்கல் கொப்பளித்து
குழாய் வாடை போய்
கேத்தாப்பாங் இலை ஊறிய தேநீர் நிறத்தில் நிற்கும்.
முழங்கையை விட்டுப் பார்ப்பேன்.
வெப்பமானி முப்பது என்று சொல்வதற்குள்
முழங்கை சம்மதித்திருக்கும்.
பிறகு ரப்பர் குழாயை வாயில் வைத்து ஓர் இழுப்பு.
இத்தனை வருடமாகியும் சில நாள்
ஒரு மிடறு உள்ளே போய்விடும்:
மாட்டிதயம், இறால், பூண்டு.
துப்பிவிட்டு அடித்தரையைத் துழாவுவேன்.
தினமும் எழுபது லிட்டர் வெளியே, எழுபது உள்ளே.

ஐந்து டிஸ்கஸ்.
நேரே பார்த்தால் தட்டு, திரும்பினால் வெறும் கோடு.
கோபித்துக்கொள்ள இதைவிட நல்ல உடம்பு
யாருக்கும் வாய்க்கவில்லை.

கொழுப்பும் நரம்பும் அரிந்தெடுத்து அரைத்த இதயப் பொட்டலங்கள்
ஃப்ரீசரின் கீழ்த்தட்டில்.
மேல்தட்டு செங்குட்டுவனுடையது.
பெயர்தான் அப்படி, முட்டை கூடத் தொடமாட்டார்.
கசிந்தாலும் மேலே ஏறாது என்பது
கல்யாணமான முதல் வாரத்தில் போட்ட ஒப்பந்தம்.
வெள்ளிக்கிழமைகளில் கீழ்த்தட்டைத் திறப்பதேயில்லை.
அன்று மீன்களுக்கும் விரதம்.
வயிற்றுக்கு நல்லதுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எங்கோ பெரிய குழாய் வெடித்தது.
மையத்துக்கு லாரியில் தண்ணீர் வந்தது.
பிளாட்டுக்கு வரவில்லை.
"ரெண்டு கேன் எடுத்துக்கோ, யார் எண்ணப் போறா?"
ஹஸ்னா கண்ணடித்தாள்.
கல்லும் உப்பும் நீங்கிய தண்ணீர்,
டிஸ்கஸ் கனவில் காணும் தண்ணீர்.
நான்காம் நாற்காலியில் தியோ
கையை நீட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்.
நான்கு மணி நேரத்துக்கு அவருக்கு நூற்றிருபது லிட்டர்.
கேனின் மூடியைத் திருகி மூடினேன்.
அதற்கு முன் திறந்திருந்தேன் என்பது
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

புதன்.
வியாழன்.
தீனியை நிறுத்தினேன்.
மீன்கள் கரிந்துபோய், துடுப்பை ஒடுக்கி,
ஹீட்டருக்குப் பின்னால் ஐந்து கோடுகளாக நின்றன.
பீப்பாயில் மீதி முப்பத்தைந்து லிட்டர்,
சோற்றுக்கும் முகம் கழுவவும்.

இரவு பதினொன்றுக்கு லாரி வந்ததாம்.
செங்குட்டுவன் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களிலும்
துணி ஊறவைக்கும் வாளியிலும் பிடித்து
லிஃப்டில் மூன்று நடை.
தொட்டியருகே வாளியைத் தூக்கிச் சாய்க்கப் போனார்.
தொட்டிப் பக்கமே வராதவர்.
மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.
மூன்று சொட்டு. குலுக்கல்.
செம்பருத்தி நிறம்.

"குடிக்க ஆகும், மீனுக்கு ஆகாதா?"
வாளியை இறக்காமலே கேட்டார்.
அதற்கு என்ன பதில் சொன்னேன்
ஞாபகமில்லை.
பீப்பாய்த் தண்ணீர் முப்பத்தைந்தும் தொட்டிக்குப் போயிற்று.
நாங்கள் சிவந்த தண்ணீரில்
ஆளுக்கு நாலு குவளை குளித்தோம்.

காலையில் குழாய் இருமிப் பழுப்பாய்த் துப்பிற்று.
ஹீட்டர் பக்கமிருந்து ஒரு கோடு நகர்ந்து வந்து
மெல்லத் திரும்பி
தட்டாயிற்று.

அன்று வெள்ளி. குளித்து, விபூதி ஈரம் காயாமல்
ஃப்ரீசர் முன்னால் குனிந்திருந்தார்.
"மூணு நாளாச்சு, பாவம், பட்டினி."
இரண்டு விரலால், ஓரத்தில் மட்டும் பிடித்து,
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு
பொட்டலத்தை நீட்டினார்.