பதினேழு ஒன்றுகள்

கெமி ஆற்றில் மிதந்துவரும் மரங்களை
எண்ணி எழுதுவது என் வேலை.
என் எண்ணிக்கையைக் கூலியாக மாற்றுவது
சைமி ரூக்கானெனின் வேலை.
கைப்பிடி சுற்றும் இரும்பு இயந்திரம்.
இருப்பதற்கு மேல் கழித்தால் மணி அடிக்கும்;
ஒரு சுற்று பின்னே போக வேண்டும்.

சம்பளக் கணக்கு முடிந்த பிறகும்
அந்த மணி கேட்டது.
டிசம்பர். பகல் மூன்று மணி நேரம்,
அதுவும் கைமாற்று வாங்கியது போல.
எட்டிப் பார்த்தேன். தாளில்
11111111111111111.
பனியில் நிற்கும் பிர்ச் மரங்கள்.

"பதினைந்து என்றால் மும்மூன்றாய்க் கட்டலாம், எவெர்த்.
பதினாறை நடுவில் பிளக்கலாம்.
பதினேழுக்குக் கயிறு கிடையாது.
அப்படியானால் இதை எது வகுக்கும்?"
மரம் எண்ணுகிறவனிடம் கேட்கிற கேள்வியா?
"ஒன்று வகுக்கும்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

வகுக்கிற பகா எண் இருந்தால்
முப்பத்து நான்கில் அது
ஒன்றை மிச்சம் வைக்கும். இது மட்டும் நிச்சயம்.
நூற்று மூன்று. மணி.
நூற்று முப்பத்தேழு. மணி.
இருநூற்று முப்பத்தொன்பது.
ஓர் இரவுக்கு எட்டு, அவ்வளவுதான்,
பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வீடு.

மூன்றாம் குளிர்காலத்தில் கைப்பிடி முறிந்தது;
ஆலைக் கொல்லனிடம் ரகசியமாகப் பற்றவைத்தாள்.
ஐந்தாவதில் அவள் கல்யாணம் நின்றுபோனது.
அன்றைக்கும் எட்டு.
நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்,
ஆறியதும் நானே குடித்தேன்.

ஏழாவதில், மார்ச் மாதம்,
ஆற்றுப் பனிக்கட்டி முதல்முறை விரிசல் விட்ட வாரம்,
2071723.
மணி அடிக்கவில்லை.
சாளரம் சாளரமாகப் பூஜ்யம்,
ஒன்றுகூடக் கண் சிமிட்டாமல்.

மற்றொரு பக்கம் 5363222357.
நம்பாமல் இலக்கங்களைக் கூட்டினோம்:
இதில் இருபத்திரண்டு, அதாவது நான்கு.
அதில் முப்பத்தெட்டு, பதினொன்று, அதாவது இரண்டு.
நாலிரண்டு எட்டு.
பதினேழிலும் ஒன்றும் ஏழும் எட்டு.
சரியாகத்தான் இருந்தது.

குதிப்பாள் என்று நினைத்தேன்.
"ஏழு வருடமும் இது இரண்டாகத்தான் இருந்திருக்கிறது"
என்றாள், யாரோ வீட்டில் இல்லாதபோது
உள்ளே வந்து போனதைப் போல.
"நான் முதல் கேள்வி கேட்பதற்கு முன்னாலும்.
ஆறு ஓடுவதற்கு முன்னாலும்."
யார் வைத்தது என்று கேட்டேன்.
யாரும் வைக்கவில்லை.
யாரும் எடுக்கவும் முடியாது.

மறுநாள் வேலைக்கு வரவில்லை.
அதற்கடுத்த நாள்,
தாளில் பத்தொன்பது ஒன்றுகள்.
"இதில் இருக்கிறதா?"
தெரியாது என்று தோளைக் குலுக்கினாள்.
இருந்தால் முப்பத்தெட்டில் ஒன்று மிச்சம் வைக்கும்.
இல்லையென்றால் தேடி முடிக்க
எத்தனை குளிர்காலம் ஆகும் என்று
அவளுடைய இயந்திரத்திலேயே போட்டுப் பார்த்தேன்,
அவள் காப்பி எடுக்கப் போயிருந்தபோது.
விடையை அழித்துவிட்டு
மரம் எண்ணப் போனேன்.

பின்னால் மணி கேட்டது.
நூற்றுத் தொண்ணூற்று ஒன்றாக இருக்கும்.